கேர்னலிடம் நினைவகம் கேட்கும் ஃபிளாக்குகள்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

இம்மாதம் வந்த கேள்விகளில் கூடுதலானவை, லினக்ஸ் கேர்னலில் நினைவகம் ஒதுக்கும்போது கொடுக்கும் ஃபிளாக்குகளைப் பற்றியவை. ஃபிளாக் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நிரலில் இவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரும்.

கேள்வி: டிரைவர் எழுதப் பழகுகிறேன். உதாரண நிரல்களில் ஜிஎஃப்பி_கேர்னல் என்று வருகிறது. வேறு இடங்களில் முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு __ஜிஎஃப்பி_ஐஓ என்று வருகிறது. தலைப்புக் கோப்பைத் திறந்தால் மூன்று அடிக்கோடும் இருக்கிறது. எதை எங்கே பாவிப்பது? கேர்னல், அற்றொமிக் இரண்டில் எதைப் போட்டாலும் என் மொடியூல் ஓடுகிறதே, அது ஏன்?
— மாணவி, கொக்குவில்

பதில்: அடிக்கோட்டின் எண்ணிக்கை அந்தப் பெயர் எந்தப் படியில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மூன்று அடிக்கோடு என்றால் வெறும் பிட் எண். அது ஒதுக்கியின், அதாவது நினைவகத்தைப் பங்கிடும் கேர்னல் பகுதியின், உள்வீட்டு வேலைக்கு மட்டும். உங்கள் டிரைவரில் அது வரவே கூடாது. இரண்டு அடிக்கோடு என்றால் அதே பிட்டுக்கு ஜிஎஃப்பி_டி என்ற ரைப் சேர்த்தது. ஒரு தனிக் குணத்தைச் சேர்க்கவோ கழற்றவோ இதைப் பாவிக்கலாம். அடிக்கோடே இல்லாதவை பல குணங்களைச் சேர்த்துக் கட்டிய சேர்க்கைகள். சாதாரண டிரைவர் எழுதுபவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் இவையே காணும்.

ஜிஎஃப்பி என்பது 'கெட் ஃப்ரீ பேஜஸ்' என்ற பழைய செயற்கூற்றின் முதலெழுத்துகள். டிரைவர்கள் நினைவகம் கேட்க அழைக்கும் கேமல்லொக் வேறு வழியாக அதைத் தந்தாலும் இந்த முன்னொட்டு மட்டும் மாறாமல் நிற்கிறது.

ஜிஎஃப்பி_கேர்னலைப் பிரித்துப் பாருங்கள். அதற்குள் நான்கு பிட் இருக்கிறது. முதலாவது ஐஓ: இடம் பிடிக்க டிஸ்க்கில் எழுதலாம். இரண்டாவது எஃப்எஸ்: ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழையலாம். மூன்றாவது டிரெக்ட்_ரிக்ளெய்ம்: கேட்டவரே தூங்கிக் காத்திருந்து, பாவனையில் இல்லாத பக்கங்களை மீட்கலாம். நான்காவது கேஸ்வாப்டி_ரிக்ளெய்ம்: பின்னணியில் மீட்பு வேலை செய்யும் கேஸ்வாப்டியை எழுப்பலாம். நான்குமே அனுமதிகள். ஒன்றைக் கழற்றினால் அந்த அனுமதி போய்விடும். எஃப்எஸ்ஸைக் கழற்றினால் ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ். ஐஓவையும் சேர்த்துக் கழற்றினால் ஜிஎஃப்பி_நோஐஓ. டிரெக்ட்_ரிக்ளெய்மும் போய்க் கேஸ்வாப்டி மட்டும் மிஞ்சினால் ஜிஎஃப்பி_நோவெயிட். அதோடு __ஜிஎஃப்பி_ஹை சேர்ந்தால் ஜிஎஃப்பி_அற்றொமிக்.

இந்த 'ஹை'யைக் கவனியுங்கள். எந்த இயந்திரத்திலும் கேர்னல் கொஞ்சப் பக்கங்களை விதைநெல் போல ஒதுக்கி வைத்திருக்கும். அதில் கைவைக்கும் உரிமையைத்தான் ஹை தருகிறது. காரணமில்லாமல் எல்லா இடத்திலும் அற்றொமிக் போடுபவர், உண்மையில் தூங்க முடியாத இன்டரப்ட் கையாளிக்கு வைத்திருந்ததைத் தின்கிறார்.

இனி, எதைப் போட்டாலும் ஓடுவது ஏன்? உங்கள் கணினியில் நினைவகம் தாராளமாக இருப்பதால், ஒதுக்கி முதல் முயற்சியிலேயே பக்கத்தைத் தந்துவிடுகிறது. தூங்க வேண்டிய தேவையே வருவதில்லை. ஸ்பின்லொக்கைப் பிடித்துக்கொண்டு ஜிஎஃப்பி_கேர்னல் கேட்டால் பிழை அங்கேயே இருக்கிறது, வெளியில் தெரிவதில்லை. நினைவகம் இறுகிய ஒரு நாளில் உங்கள் நிரல் லொக்கோடு தூங்கும், அதே லொக்கைக் கேட்கும் மற்றச் சிபியு சுழன்றுகொண்டே நிற்கும், இயந்திரம் உறையும். அந்த நாள்வரை காத்திருக்காமல் கொன்ஃபிக்_டீபக்_அற்றொமிக்_ஸ்லீப் என்ற தெரிவோடு கேர்னலைக் கட்டுங்கள். அப்போது உண்மையில் தூங்காவிட்டாலும், தூங்கக்கூடிய செயற்கூறு கூடாத இடத்தில் அழைக்கப்பட்டது என்ற எச்சரிக்கை, அழைப்பு வரிசையோடு கேர்னல் பதிவில் உடனே விழும்.

லொக் ஒன்றும் பிடிக்காமல், புரொசெஸ் சார்பாக ஓடும் இடமென்றால் கேர்னல். இன்டரப்ட் கையாளி, ஸ்பின்லொக்கின் உட்பகுதி என்றால் அற்றொமிக். கிடைக்காவிட்டால் வேறு வழி இருக்கிறதென்றால் நோவெயிட். இதற்கும் முன்னால் இன்னொன்று: ஸ்பின்லொக்கைப் பிடிக்க முன்னரே நினைவகத்தை எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். பல வேளைகளில் முடியும். அப்போது அற்றொமிக்குக்கே வேலையில்லை.

நிகழ்நேரக் கேர்னலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 2024இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து பிரீஎம்ப்ட்_ஆர்டி முதன்மைக் கேர்னலிலேயே இருக்கிறது. அதில் சாதாரண ஸ்பின்லொக் தூங்கக்கூடியது. ஒதுக்கியும் உள்ளே அப்படிப்பட்ட லொக்குகளைப் பாவிக்கிறது. ஆகவே அங்கும் தூங்கவே கூடாத ரோ ஸ்பின்லொக்குக்குள் அற்றொமிக் போட்டாலும் கேமல்லொக்கை அழைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் அலுவலகச் சேர்வரின் பதிவில் 'பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஓடர் 0, மோட் ஹெக்ஸ் 820' என்று சில வரிகள் இருந்தன. பழைய உதவிக் குறிப்புகளில் மோட் ஹெக்ஸ் 20 என்றே காண்கிறேன். இரண்டும் வேறு பிரச்சினையா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: ஒரே ஃபிளாக்தான். 2.6 காலத்துக் கேர்னல்களில் ஜிஎஃப்பி_அற்றொமிக்கின் பெறுமானம் ஹெக்ஸ் 20. 6.3 பதிப்பு முதல் 820. இடையில் வேறு எண்களாகவும் இருந்தது. பிட்டுகள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும் என்பதால், எண்ணை வைத்து இரண்டு கேர்னல்களை ஒப்பிட வேண்டாம். 4.6 பதிப்பு முதல் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பெயரும் அச்சாகிறது. அதை வாசியுங்கள். அதற்கும் பழைய கேர்னல் என்றால், அதே பதிப்பின் மூலநிரலில் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறைக்குள் ஜிஎஃப்பி-டிரான்ஸ்லேட் என்ற கருவி இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தரும்.

ஓடர் 0 என்பது ஒரே ஒரு பக்கம், எக்ஸ்86 இயந்திரத்தில் 4 கிலோபைட். அற்றொமிக்கில் அது கிடைக்காமல் போவது அதிகம் நெற்வேர்க் டிரைவரில்தான். ஒரு பக்கெற் கைவிடப்படும். டிசிபி அதை மீண்டும் அனுப்பும். எப்போதாவது வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அடிக்கடி வந்தால் விஎம்.மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் பெறுமானத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பாருங்கள். ஓடர் 4, 5 (தொடர்ச்சியான 16, 32 பக்கங்கள்) என்று வந்தால் கதை வேறு: நினைவகம் இருக்கிறது, ஆனால் தொடர்ச்சியாக இல்லை. அப்போது புரொக் கோப்புறையில் உள்ள படிஇன்ஃபோவைப் பாருங்கள். வலப்பக்கத்து எண்களில் பூச்சியங்கள் நிறைந்திருக்கும்.

கேள்வி: எங்கள் செயற்கூறு ஒன்று ஃபிளாக்கை வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் (ஃபிளாக்ஸ் & ஜிஎஃப்பி_கேர்னல்) உண்மையென்றால் மியூட்டெக்ஸைப் (கிடைக்கும்வரை தூங்கிக் காத்திருக்கும் லொக்) பிடிக்கிறோம், இல்லையென்றால் பிடிக்க முயன்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அற்றொமிக் கொடுத்து அழைத்தாலும் மியூட்டெக்ஸ் பக்கமே போகிறது. கொம்பைலரின் பிழையா?
— பொறியியல் மாணவர், அறிவியல்நகர்

பதில்: கொம்பைலர் சரியாகத்தான் செய்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேஸ்வாப்டி_ரிக்ளெய்ம் பிட்டின் பெறுமானம் ஹெக்ஸ் 800. ஹை பிட் ஹெக்ஸ் 20. இரண்டும் சேர்ந்தது அற்றொமிக்: 820. கேர்னல் என்பது 800, 400, 80, 40 நான்கும் சேர்ந்தது. இரண்டையும் '&' போட்டால் பொதுவாக இருக்கும் 800 மிஞ்சும். 800 பூச்சியமல்ல. ஆகவே சோதனை உண்மை. நோவெயிட்டுக்கும் இதே முடிவுதான்.

அடிக்கோடில்லாத பெயர் ஒரு சேர்க்கை. அதை அப்படியே கொடுக்கலாம்; அதை வைத்து '&' சோதனை செய்யக் கூடாது. சோதனைக்கு உரியவை இரண்டு அடிக்கோட்டுப் பெயர்கள் மட்டுமே. (ஃபிளாக்ஸ் == ஜிஎஃப்பி_அற்றொமிக்) என்ற சோதனையும் பிழை: அழைப்பவர் __ஜிஎஃப்பி_சீரோவைச் சேர்த்த உடனேயே சமன்பாடு உடையும்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது 'தூங்கலாமா' என்பது மட்டும். அதற்கென்றே 4.4 பதிப்பு முதல் ஜிஎஃப்பிஃபிளாக்ஸ்_அலோ_பிளொக்கிங் என்ற சிறு செயற்கூறு இருக்கிறது. அது டிரெக்ட்_ரிக்ளெய்ம் பிட்டை மட்டும் பார்க்கிறது. உங்கள் நிபந்தனையை அதனால் மாற்றுங்கள். வேறு ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.

ஃபிளாக் வாங்காமல் இன்_அற்றொமிக் செயற்கூற்றால் இடத்தை நாமே கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. பிரீஎம்ப்ட் எண்ணிக்கை இல்லாமல் கட்டிய கேர்னலில் ஸ்பின்லொக் பிடித்தது அதற்குத் தெரியவே தெரியாது. தூங்கலாமா என்பது அழைப்பவருக்கு மட்டுமே தெரிந்த விடயம். அதனால்தான் ஃபிளாக் என்ற ஏற்பாடே வந்தது.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டத்துக்குச் சிறு கேர்னல் ஒன்றை நான்கு பேர் சேர்ந்து எழுதுகிறோம். பக்க ஒதுக்கி ஓடுகிறது. இனி ஃபிளாக்குகள் சேர்க்க வேண்டும். பெயர்களை எப்படி வைப்பது என்பதில் எங்களுக்குள் இணக்கம் வரவில்லை. ஒருவர் 'அவசரம்', 'தற்காலிகம்' போன்ற பெயர்களை விரும்புகிறார். இன்னொருவர் பிஎஸ்டி முறை நல்லது என்கிறார்.
— மாணவர் குழு, திருநெல்வேலி

பதில்: ஃபிளாக் பெயர், ஒதுக்கி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். நினைவகம் எதற்காக என்பதைச் சொல்லக் கூடாது. 'அவசரம்', 'தற்காலிகம்' இரண்டையும் விட்டுவிடுங்கள்.

லினக்ஸில் ஜிஎஃப்பி_டெம்பரரி என்று ஒன்று இருந்தது. எவ்வளவு நேரம் தற்காலிகம், பிடித்தவர் இடையில் தூங்கலாமா, லொக் பிடிக்கலாமா என்று எங்கும் வரையறை இல்லை. உள்ளே அது செய்ததோ மீட்கக்கூடிய பக்கங்களோடு சேர்த்து வைப்பது மட்டும். எழுதுபவர்கள் பெயரைப் பார்த்துச் 'சீக்கிரம் விடுவிக்கப் போகிறோம்' என்ற எண்ணத்தில் போட்டார்கள். 2017இல் 4.14 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

__ஜிஎஃப்பி_ரிபீட்டும் இதே வகை. மீண்டும் முயற்சி செய் என்பது பெயர். ஆனால் ஓடர் 3 வரை, அதாவது 8 பக்கம் 32 கிலோபைட் வரை, ஒதுக்கி எப்படியும் விடாமல் முயற்சி செய்யும். அந்த அளவுகளில் இந்தப் பிட் ஒன்றுமே செய்யவில்லை. 4.13இல் அதை __ஜிஎஃப்பி_ரிட்ரை_மேஃபெயில் என்று மாற்றினார்கள். விடாமல் முயற்சிக்கும், ஆனாலும் தோற்கலாம் என்ற இரண்டு பாதியும் இப்போது பெயரிலேயே இருக்கிறது. அழைப்பவர் விடையைச் சோதிக்க மறக்க மாட்டார். எங்கள் கணிப்பில் அந்தத் தொகுதியிலேயே நன்றாக வைத்த பெயர் இதுதான்.

__ஜிஎஃப்பி_வெயிட்டின் சிக்கல் வேறு. ஒரு பிட் இரண்டு கேள்விக்கு விடை சொன்னது: அழைப்பவர் தூங்கலாமா, பின்னணி மீட்பை எழுப்பலாமா. 4.4இல் அதை டிரெக்ட்_ரிக்ளெய்ம், கேஸ்வாப்டி_ரிக்ளெய்ம் என்று பிரித்தார்கள். __ஜிஎஃப்பி_அற்றொமிக் என்ற தனிப் பிட்டும் 2023இல் நீக்கப்பட்டது; ஹை, தூங்க முடியாமை இரண்டையும் பார்த்தாலே அது சொன்னது கிடைத்துவிடும். ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பிட்டுக்கும் எதிரே ஒரு ஆம்-இல்லைக் கேள்வியை எழுதுங்கள். ஒரு பிட்டுக்கு இரண்டு கேள்வி வந்தால் பிரியுங்கள். இரண்டு பிட்டுக்கு ஒரே கேள்வி வந்தால் ஒன்றை எடுங்கள்.

அடுத்தது பூச்சியம். ஃபிளாக்கை மறந்து 0 கொடுத்தால் என்ன நடக்கும் என்று முதலே முடிவு செய்யுங்கள். சொலாரிஸில் கேஎம்_ஸ்லீப்பின் பெறுமானமே 0, கேஎம்_நோஸ்லீப் 1. அங்கே (ஃபிளாக்ஸ் & கேஎம்_ஸ்லீப்) எப்போதும் பொய். மறந்தவரும் தூங்கலாம் என்று அறிந்தே சொன்னவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் எம்_நோவெயிட் 1, எம்_வெயிட்ஓகே 2 என்று இரண்டுக்கும் தனிப் பிட். இரண்டில் ஒன்றை, ஒன்றை மட்டுமே, கொடுக்க வேண்டும். மறந்தால் இன்வேரியன்ட்ஸ் தெரிவோடு கட்டிய கேர்னல் பிடித்துத் தரும். தூங்கலாமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் உங்கள் பிஎஸ்டி நண்பர் சொல்வதைக் கேளுங்கள்.

மற்ற அனுமதிகளுக்கு லினக்ஸ் முறை நல்லது: பிட் 'செய்யலாம்' என்று சொல்லட்டும், 'செய்யாதே' என்று சொல்லக் கூடாது. ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு லொக்கைப் பிடித்தபடி நினைவகம் கேட்கிறது. ஒதுக்கி இடம் தேடி அதே ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழைந்து, ஐநோட் (ஒரு கோப்பின் விவரப் பதிவு) ஒன்றை அகற்றப் பார்க்கிறது. அதற்கு அதே லொக் வேண்டும். டெட்லொக். 'எஃப்எஸ் செய்யாதே' என்ற பிட் இருந்து அதை ஒருவர் மறந்தால் இதுதான் முடிவு. 'எஃப்எஸ் செய்யலாம்' என்ற பிட்டை மறந்தால், மிஞ்சிப் போனால் நினைவகம் கிடைக்காமல் 'நல்' என்ற வெற்றுச் சுட்டி திரும்பும். வின்டோஸ் 10இன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்பில் வந்த எக்ஸ்அலொகேட்பூல்2வும் இந்த எண்ணத்தில்தான் கட்டப்பட்டது: நினைவகம் பூச்சியமாக்கப்பட்டே வரும்; பழைய குப்பையோடு வேண்டுமென்றால் பூல்_ஃபிளாக்_அன்இனிஷியலைஸ்ட் என்று வாய்திறந்து கேட்க வேண்டும்.

ஒரே சொல்லை இரண்டு பொருளில் பாவிக்காதீர்கள். லினக்ஸில் __ஜிஎஃப்பி_ஹை என்பது முன்னுரிமை. __ஜிஎஃப்பி_ஹைமெம் என்பது 32 பிட் இயந்திரத்தின் மேல் நினைவகப் பகுதி. ஜிஎஃப்பி_ஹையூசரில் உள்ள 'ஹை' இரண்டாவதைக் குறிக்கிறது. புதிதாக வாசிப்பவர் எல்லோரும் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள். உங்கள் கேர்னலில் முன்னுரிமைக்கு 'ரிசேர்வ்', பகுதிக்கு 'சோன்' என்று இரண்டு வேறு சொற்களை வைத்து, அவற்றை முன்னொட்டுக்கு அடுத்த இடத்திலேயே எழுதுங்கள்.

ரைப்பையும் பாருங்கள். அளவும் ஃபிளாக்கும் முழுவெண்களாக இருந்தால் இடம் மாறி எழுதினாலும் சி கொம்பைலர் ஒன்றும் சொல்லாது. லினக்ஸில் ஜிஎஃப்பி_டிக்கு 'பிட்வைஸ்' குறி போட்டு, மேக் சி=1 என்று ஸ்பார்ஸ் கருவியை ஓட்டிப் பிடிக்கிறார்கள். புதுக் கேர்னலில் அதைவிட எளிய வழி இருக்கிறது: ஒரே உறுப்புள்ள ஸ்ட்ரக்ட் ஒன்றை ஃபிளாக் ரைப்பாக வையுங்கள். இடம் மாறினால் கொம்பைல் ஆகாது. ஃபிளாக்குகளைச் சேர்க்க ஒரு சிறு இன்லைன் செயற்கூறு எழுத வேண்டி வரும். அந்தச் செலவு பெறுமதியானது. பிட்டுகளையும் அவற்றின் பெயர்களையும் ஒரே மக்ரோப் பட்டியலிலிருந்து உருவாக்குங்கள். அப்போது பதிவில் எண்ணோடு பெயரும் பிசகாமல் அச்சாகும்.

கடைசியாக, அழைப்பு ஆழமானால் ஃபிளாக்கைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவது எங்காவது அறும். லினக்ஸில் 4.12 முதல் மெமலொக்_நோஎஃப்எஸ்_சேவ், ரிஸ்டோர் என்ற சோடி இருக்கிறது. லொக் பிடிக்கும் இடத்தில் ஒன்று, விடும் இடத்தில் மற்றது. இடையில் யார் ஜிஎஃப்பி_கேர்னல் கேட்டாலும் எஃப்எஸ் அனுமதி தானாகக் கழறும். இதில் சேவ் திருப்பித் தரும் பழைய நிலையை ஒரு மாறியில் வைத்து ரிஸ்டோருக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று வரும்போது உள்ளே இருப்பது வெளியே இருப்பதையும் சேர்த்து அவிழ்த்துவிடும்.

கேள்வி: ராஸ்பெரி பை 4இல் ஓடும் டிரைவருக்கு ஜிஎஃப்பி_டிஎம்ஏ போடலாமா?
— வாசகர், நெல்லியடி

பதில்: வேண்டாம். டிஎம்ஏ என்பது சாதனம் சிபியுவின் துணையின்றி நேரே நினைவகத்தை எட்டுவது. ஜிஎஃப்பி_டிஎம்ஏ என்ற பெயர் எக்ஸ்86 கணினியில் ஐஎஸ்ஏ அட்டைகளின் 24 பிட் முகவரிக்காக, முதல் 16 மெகாபைட்டைக் குறிக்க வந்தது. ராஸ்பெரி பை 4இல் சில சாதனங்களால் முதல் 1 கிகாபைட்டை மட்டுமே எட்ட முடியும். அதற்காக ஆர்ம்64இல் 5.5 பதிப்பு முதல் வேறு எல்லையோடு அதே பெயரில் ஒரு சோன் இருக்கிறது. பெயர் ஒன்று, எல்லை இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. உங்கள் சாதனம் எத்தனை பிட் முகவரி கொடுக்கும் என்பதை டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹெரன்ட் மூலம் சொல்லிவிட்டு, டிஎம்ஏ_அலொக்_கோஹெரன்டில் நினைவகத்தை வாங்குங்கள். எந்தச் சோன் என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நினைவகம் கிடைக்காதபோது என் மொடியூல் சரியாகத் திரும்புகிறதா என்று சோதிக்க ஃபெயில்ஸ்லாப் வசதியை இயக்கினேன். புரொபபிலிட்டியை 100 ஆக்கியும் ஒரு தோல்வியும் வரவில்லை. எல்லா ஒதுக்கீடும் ஜிஎஃப்பி_கேர்னல்தான்.
— வாசகி, பருத்தித்துறை

பதில்: உங்கள் விடை கடைசி வசனத்திலேயே இருக்கிறது. டீபக் கோப்புறையில் ஃபெயில்ஸ்லாப்புக்குள் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் என்ற கோப்பு இருக்கும். அதன் இயல்புநிலை 'ஆம்': தூங்கக்கூடிய ஒதுக்கீடுகளைத் தொடாதே என்று பொருள். கேர்னல் ஃபிளாக் தூங்கக்கூடியது; ஆகவே அது தப்பிவிடுகிறது. அதை 'இல்லை' ஆக்குங்கள். டைம்ஸ் கோப்பையும் பாருங்கள். அது 1 இல் நின்றால் ஒரே ஒரு தோல்வியோடு நின்றுவிடும். -1 என்றால் எல்லை இல்லை.

ஆனால் இப்போது உள்ளபடி 100 வீதத்தோடு 'இல்லை' ஆக்கினால் முழு இயந்திரமும் நினைவகம் கிடைக்காமல் தடுமாறும். முதலில் டாஸ்க்-ஃபில்டரை 'ஆம்' ஆக்குங்கள். பிறகு ஒரு ஷெல்லில் புரொக்/செல்ஃப்/மேக்-இட்-ஃபெயில் கோப்பில் 1 எழுதி, அதே ஷெல்லிலிருந்து எக்ஸெக் மூலம் இன்ஸ்மொட்டை ஓட்டுங்கள். தோல்விகள் அந்தப் புரொசெஸுக்கு மட்டும் விழும். புரொபபிலிட்டி 10இல் பல தடவை ஓட்டுவது நல்லது; 100 என்றால் முதல் ஒதுக்கீட்டிலேயே திரும்பிவிடுவதால், இரண்டாவது, மூன்றாவது ஒதுக்கீடு தோற்கும்போது முன்னர் எடுத்ததை விடுவிக்கிறீர்களா என்பது சோதிக்கப்படாமலே போகும். கசிவுகள் கூடுதலாக இருப்பது அந்தப் பாதைகளில்தான்.

உள்ளே வெயிட் என்ற பிட் 4.4இலேயே போய்விட்டது. இந்தக் கோப்பின் பெயரில் மட்டும் இன்னும் இருக்கிறது. வெளியார் ஸ்கிரிப்டுகள் பாவிக்கும் பெயரை இலகுவில் மாற்ற முடியாது. இங்கே 'வெயிட்' என்று கண்டால் டிரெக்ட்_ரிக்ளெய்ம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.